கட்டிய கயிறு

சுமையை ஏற்றுவது ஒரு தொழில். ஏற்றிய சுமையைக் கட்டுவது வேறொரு தொழில். முன்னதற்கு உடல் வலிமை வேண்டும். பின்னதற்கு, இனி வரவிருக்கும் பாதையை நின்ற இடத்திலிருந்தே எண்ணிப் பார்க்கும் அறிவு வேண்டும். இவ்வுண்மையை நான் எந்த நூலிலும் கற்றேனல்லேன். பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றின் பாதையில், ஒரு மழைநாட் பிற்பகலில், என் கையால் கட்டப்பட்ட கயிறொன்று தளர்ந்தபோது கற்றுக்கொண்டேன். அக்கல்விக்கான விலையை நான் கொடுக்கவில்லை; வேறொருவர் கொடுத்தார். அதனாலேயே இதனை எழுத வேண்டியவனாகின்றேன்.

பொகவந்தலாவையை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். மத்திய மலைநாட்டில், நுவரெலியா மாவட்டத்தில், நாற்புறமும் மலைகள் எழுந்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கு அது. கெசல்கமு ஓயா அதனூடாக இறங்கிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சென்றடைகின்றது. ஆற்றோடு ஏறக்குறைய ஒட்டியே பாதையும் செல்கின்றது. நோர்வூட், டிக்கோயா, ஹற்றன் என்று அப்பாதையில் ஊர்கள் அமைந்துள்ளன. எங்கள் மக்கள் உண்ணும் அரிசியும் மாவும், தேயிலைச் செடிக்கு இடும் உரமும், கூரைத் தகரமும் அவ்வழியே உள்ளே வருகின்றன. தேயிலை அவ்வழியே வெளியே போகின்றது. புகையிரதம் 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியை எட்டியது. ஹற்றனை எட்டுவதற்கு மேலும் பத்தாண்டுகள் சென்றன. அதுவரை மலையுச்சிகளில் விளைந்தவற்றையெல்லாம் மாட்டுவண்டிகளே சுமந்து இறக்கின. இன்று லொறிகள் அப்பணியைச் செய்கின்றன. ஹற்றனிலிருந்து கினிகத்தேனைக் கணவாய் வழியாகக் கித்துல்கலைக்கும் அவிசாவளைக்கும் இறங்கிக் கொழும்பைச் சேரும் தேயிலை லொறியொன்று எத்தனை வளைவுகளைக் கடக்கின்றது என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வேண்டியவர் அந்த லொறியில் கயிறு கட்டுபவர் ஒருவரே.

என் தாயின் தம்பி லொறிச் சாரதி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே தொழில். உரிமையாளர் வேறொருவர். பக்கங்களில் முழங்காலளவு பலகை மட்டுமே உள்ள திறந்த லொறி அது. விறகு, உரமூடை, மரக்கறி, சில வேளைகளில் தேயிலைச் சாக்கு என்று கிடைத்ததை ஏற்றும். க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருந்த மாதங்களில் நான் அந்த லொறியில் கிளீனராகச் சென்றேன். வீட்டிற்கு அந்தப் பணம் தேவைப்பட்டது; எனக்கும் சும்மா இருக்க மனமில்லை.

ஒவ்வொரு சுமைக்கும் ஒவ்வொரு குணம் உண்டு என்பதை மாமாவிடமே முதன்முதலிற் கேட்டேன். கொழுந்தை இறுக்கிக் கட்டக்கூடாது. அது உயிருள்ள பொருள். அமுக்கினால் வெந்து சிவந்துவிடும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்பார்கள். அவ்வளவும் வழியிலேயே கெட்டுப்போனால் ஸ்டோரில் எவராலும் அதனைத் திருத்த முடியாது. ஆகவே கொழுந்து லொறியில் இடம்விட்டு அடுக்குவதே முறை. செய்து முடித்த தேயிலை வேறு வகை. முன்னாளில் அது உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டிகளிற் சென்றது. பெட்டிக்கு மூலையும் விளிம்பும் உண்டு. ஒன்றையொன்று அணைத்து நிற்கும். இப்போது கடதாசிச் சாக்குகள். சாக்கு வழுக்கும். எனவே கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, கீழ்வரிசையின் இரண்டு சாக்குகள் சேருமிடத்தில் மேல்வரிசையின் ஒரு சாக்கு அமருமாறு மாற்றி மாற்றி அடுக்கி, மழையும் வேற்று வாசனையும் படாதவாறு படங்கால் மூடிய பின்னரே கயிறு போட வேண்டும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது மரக்குற்றி. தேயிலை உலர்த்தும் அடுப்புகளுக்கு விறகு ஓயாது வேண்டியிருப்பதால், யூக்கலிப்டஸ் குற்றிகளை ஏற்றுவதே எங்கள் லொறியின் பெரும்பாலான வேலையாயிருந்தது. குற்றி உருளும். ஒன்று பருமன், ஒன்று மெலிவு; ஒன்று நீளம், ஒன்று குட்டை. பட்டை காய்ந்திருக்கும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மழையில் நனைந்து பட்டை உரிந்தால் சவர்க்காரம் பூசியதுபோலாகிவிடும்.

மாமாவிற்கு எழுதப்படாத சட்டங்கள் சில இருந்தன. பாரமானது கீழே, அச்சுகளுக்கு இடையே அமைய வேண்டும். எதுவாயினும் முன்பலகையோடு முட்டி நிற்க வேண்டும். இடையில் ஒரு சாண் வெளி இருந்தாலும் அந்த வெளியைச் சுமை ஒருநாள் தேடிப் போகும். கயிற்றின் நுனியைப் பக்கப்பலகையிற் கட்டலாகாது. அதன் கீழே சட்டத்தோடு ஒட்டப்பட்ட கொக்கியிலேயே கட்ட வேண்டும். வெறும் முடிச்சுப் போடலாகாது. கயிற்றின் நடுவே ஒரு கண்ணி வைத்து, நுனியைக் கொக்கியிற் சுற்றி மேலெடுத்து, அக்கண்ணிக்குள்ளே நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து இறுக்க வேண்டும். இப்படி இழுத்தால் ஒருவனுடைய கைவலிமை இருவருடையதாகிறது. இத்தனையும் முடிந்த பின்னர் ஒவ்வொரு கயிற்றையும் இரு கைகளாலும் பற்றி ஆட்டிப் பார்க்க வேண்டும். புறப்பட்டு இரண்டு மூன்று மைல் சென்றதும் நிறுத்தி மீண்டும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஏனெனில் சுமை குலுங்கிக் குலுங்கித் தனக்கு வேண்டிய இடத்தில் அமர்வது அப்போதுதான். நைலோன் கயிறு மழையில் இழுபடுவதும் அப்போதுதான்.

“கட்டிட்டியாடா?” என்பது அவருடைய முதற் கேள்வி. “ஆட்டிப் பாத்தியா?” என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை கிடைத்த பின்னரே சாவியைத் திருப்புவார்.

தமிழிலக்கியம் பயிலத் தொடங்கிய பின் இதனோடு ஒட்டிய இரண்டு இடங்களைக் கண்டு வியந்தேன். வலியறிதல் என்னும் அதிகாரத்தில், 475ஆம் குறளில், மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். இதனை நாமெல்லாரும் பாடசாலையிலேயே படித்திருக்கின்றோம். புறநானூற்றின் 102ஆம் பாடல் அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு அது. பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் வேண்டிய பாதையில் என்ன நேருமோ, யார் அறிவார் என்று கருதி, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் சேமமாக இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவராம். அவ்வச்சுக்கு எழினியை ஒப்பிடுகின்றார் புலவர். வள்ளுவர் சுமையின் அளவைச் சொன்னார். ஔவையாரோ பாதையின் நிச்சயமின்மையைச் சொன்னார். அவ்வுப்பு வணிகர் கண்ட பள்ளமும் மேடும் எவையோ அறியேன். ஆயின், வண்டிக்கு அடியிற் குனிந்து, தேவைப்படாமலே போகக்கூடிய ஓர் அச்சைக் கட்டியவனின் மனநிலை எனக்கு விளங்குகின்றது. மாமாவிடம் இருந்தது அதுவே. என்னிடம் அன்று இல்லாதிருந்ததும் அதுவே.

அன்று காலையிலிருந்தே மழை. மலைச்சரிவின் மேலே வெட்டிப் போட்டிருந்த குற்றிகளை நாங்கள் நால்வர் ஏற்றிக்கொண்டிருந்தோம். கால்களில் அட்டை, கைகள் விறைத்துப்போயிருந்தன. மூன்று கயிறுகள் போட வேண்டும். முன்கயிற்றையும் பின்கயிற்றையும் மாமா கட்டினார். நடுக்கயிறு எனக்கு விடப்பட்டது. அவ்வேளையில் என் சட்டைப்பையிலிருந்த கைத்தொலைபேசிக்கு நண்பனொருவனின் செய்தி வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகிவிட்டன என்பதே செய்தி. மலைமேல் இணையத் தொடர்பு இல்லை. கீழே இறங்கினால்தான் என் நிலையை அறியலாம்.

அதன்பின் என் கை கயிற்றில் இருந்தது; மனம் அங்கே இல்லை. கண்ணி வைத்து இழுக்கவில்லை. கொக்கியில் இருமுறை சுற்றி, நனைந்த நைலோன் கயிற்றில் வெறும் முடிச்சொன்றைப் போட்டேன். குற்றிகளின் முன்முனைக்கும் முன்பலகைக்கும் இடையில் ஒரு கை நுழையும் வெளி இருந்ததைக் கண்டேன்; கண்டும் சொல்லவில்லை.

“கட்டிட்டியாடா?”

“கட்டிட்டேன் மாமா.”

“ஆட்டிப் பாத்தியா?”

“பாத்துட்டேன்.”

வாழ்க்கையில் நான் பல பொய்கள் சொல்லியிருக்கின்றேன். அவற்றுள் மிகச் சிறியது அது. ஒரே ஒரு சொல்.

தோட்டத்துப் பாதை இறங்கி வரும் வழியில் ஒரு வளைவு உண்டு. அதன் வெளிப்புற ஓரத்திலேதான் மாலைக் கொழுந்து நிறுக்கப்படும். கூடைகளோடும் சாக்குகளோடும் பெண்கள் வரிசையாக, தலையில் கொங்காணியுடன், பாதையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே ஒரு முச்சக்கரவண்டி திடீரென்று வளைவில் தோன்றியது. மாமா வேகமாகச் செல்லவில்லை. எனினும் பலமாகத் தடுப்பை மிதிக்க வேண்டியதாயிற்று. குற்றிகள் அந்த ஒரு கை வெளியை நோக்கி முன்னே சறுக்கின. சறுக்கிய குவியல் சற்றுத் தாழ்ந்தது. குவியல் தாழ்ந்ததும் நடுக்கயிறு தொங்கிற்று, முடிச்சு அவிழ்ந்தது. லொறி வளைவில் திரும்பிக்கொண்டே நின்றது. மேலிருந்த இரண்டு குற்றிகள் பக்கப்பலகையைத் தாண்டி வெளிப்புறமாக உருண்டன. ஒன்று தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது. மற்றது, வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண்ணின் வலது கணுக்காலின்மேல் விழுந்தது.

அவரை நான் பெரியம்மா என்றே அழைத்துவந்தேன். எங்கள் லயத்திலிருந்து மூன்றாவது லயம். உறவல்ல, ஆயினும் தோட்டத்தில் உறவில்லாதவர் எவருமில்லை. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. விறகை இறக்கிவிட்டு அதே லொறியில்தான் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். வேறு வாகனம் கிடைக்கவில்லை. மரப்பட்டைத் துண்டுகள் சிதறிக் கிடந்த தளத்தில் ஒரு சாக்கை விரித்துக் கிடத்தி, ஒவ்வொரு குலுக்கலிலும் அவர் முனகாமலிருக்க இரண்டு பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மாமா, “கட்டுனது நாந்தான்” என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிரவு அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகின்றேன்: “லொறிய எடுத்தவன் நான். நான் ஒருதரம் ஆட்டிப் பாக்காம எடுத்தது என் தப்பு. பாத்துட்டேன்னு சொன்னது ஒன் தப்பு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத. ஒன்னோடத நீ வச்சுக்க.”

அன்றிரவே எனக்குப் பல்கலைக்கழக அனுமதி உறுதி என்பதும் தெரிந்தது. வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். அவர்கள் அழுததும் நான் அழுததும் ஒரே காரணத்திற்காக அன்று என்பதை எவரும் அறியார்.

பெரியம்மா நான்கு மாதங்கள் வேலைக்குச் செல்லவில்லை. நாட்பேருக்குச் சம்பளம் பெறும் ஒருவருக்கு நான்கு மாதம் என்பது என்னவென்று இதனைப் படிப்போரிற் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. வேலை நேரத்தில் நிகழ்ந்த விபத்தா, வெளியார் லொறியால் நிகழ்ந்த விபத்தா என்ற கேள்வியிலேயே காலம் கடந்தது. லொறி உரிமையாளரும் மாமாவும் சேர்ந்து கொடுத்த சிறு தொகையே அவருக்குக் கிடைத்தது. மாமாவின் பங்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

பேராதனைக்கு வந்த முதலாம் ஆண்டில் இவ்விடயத்தை ஒரே ஒருவனிடம் சொன்னேன். அவன் பொறியியற் பீடத்து மாணவன். எங்கள் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவன். அக்பர் பாலத்தைக் கடந்து அவனைக் காணச் செல்வது என் வழக்கம். அவன் ஆறுதல் கூறவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டான். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில், 20 மீற்றர் ஆரையுள்ள வளைவில் லொறியொன்று திரும்புமாயின், ஒவ்வொரு குற்றியையும் வெளிப்புறமாகத் தள்ளும் விசை அக்குற்றியின் நிறையில் ஏறத்தாழப் பாதியாகும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை பாதியாவதில்லை, காற்பங்காகிவிடும். மலைப்பாதையில் மெதுவாகச் செல் என்று முதியோர் கூறுவதன் கணக்கு இதுவே. கயிற்றின் சாய்வுக்கும் கணக்குண்டு. செங்குத்தாக இறங்கும் கயிறு தன் இழுவை முழுவதையும் சுமையை அமுக்குவதிற் செலவிடுகின்றது. தளத்தோடு 30 பாகை மட்டும் சாய்ந்து படுத்த கயிற்றுக்கு அமுக்கும் ஆற்றல் பாதியே. தாழ்வான சுமையின்மேற் படுத்துக் கிடக்கும் கயிறு பார்வைக்கு இறுக்கமாக இருக்கும், வேலைக்கு ஆகாது.

பின்னர் நூலகத்திலும் தேடிப் படித்தேன். பிரித்தானியப் போக்குவரத்துத் திணைக்களத்தின் வழிகாட்டி, சுமையின் கட்டு முன்னோக்கிய திசையில் சுமையின் முழு நிறையையும், பக்கங்களிலும் பின்புறத்திலும் பாதி நிறையையும் தாங்கவல்லதாய் இருத்தல் வேண்டும் என்கிறது. அமெரிக்க விதிகள், கட்டுகள் யாவற்றினதும் கூட்டு வலிமை சுமையின் நிறையிற் பாதிக்குக் குறையலாகாது என்கின்றன. புறப்பட்ட முதல் 50 மைலுக்குள் சாரதி நிறுத்திக் கட்டுகளைச் சோதிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. இவற்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் துயரமும் ஒருங்கே தோன்றின. மாமா எட்டாம் வகுப்போடு நின்றவர். அவருடைய சட்டம் இரண்டு மூன்று மைல். அவர் பாதை அத்தகையது. முன்பலகையோடு முட்டி அடுக்கு, நின்று ஆட்டிப் பார் என்று அவர் சொன்னவையெல்லாம் அந்நூல்களில் இலக்கங்களோடு இருந்தன.

இரண்டாம் ஆண்டு விடுமுறையிலே பெரியம்மாவைக் காணச் சென்றேன். அவர் காம்பரா வாசலில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நடையில் சிறு இழுப்பு இருந்தது. எனினும் வேலைக்குப் போய்வந்தார். நடுக்கயிற்றைக் கட்டியவன் நான் என்று சொன்னேன். ஆட்டிப் பார்க்காமலே பார்த்தேன் என்றதையும் சொன்னேன். அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“தெரியும்பா. ஒன் மூஞ்சியிலயே அன்னைக்கித் தெரிஞ்சிச்சு,” என்றார். பின்பு, “கயிறு ஒன் கையில இருந்துச்சு. நீ அதுக்கு வருத்தப்படணும், படு. ஆனா லொறி திரும்புற எடத்துல, ஓரத்துல, எங்கள நிக்க வச்சுக் கொழுந்து நிறுக்கச் சொன்னது யாரு கையி? அத எவனும் இன்னும் வந்து எங்கிட்ட சொல்லல,” என்றார்.

மன்னிப்பை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு அவர் மன்னிப்பைத் தரவில்லை, மறுக்கவுமில்லை. என் குற்றத்தை என்னிடமே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துக் காட்டினார். அன்று முதல் நான் இரண்டையும் நோக்கி வருகின்றேன்.

எங்கள் தோட்டங்களிலே ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் கணக்குண்டு. மலையில் ஒருமுறை நிறுக்கப்படும். ஸ்டோரில் இன்னொருமுறை நிறுக்கப்படும். தேயிலைச் சாக்கு ஒவ்வொன்றின்மீதும் தோட்டத்தின் பெயர், தரம், இலக்கம், நிறை யாவும் குறிக்கப்படும். 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்திற்குச் செல்லும் பொருள் அது. ஒரு சாக்குக் குறைந்தாற் கேட்பார் உண்டு. ஆதலால் சாக்கை அடுக்கவும் மூடவும் கட்டவும் முறை உண்டு. அந்தச் சாக்கு இறக்கப்பட்ட பின்னர் அதே தளத்தில் ஏறும் மனிதருக்கு என்ன முறை உண்டு? தூரத்து மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் லொறியிலும் உழவு இயந்திரத்தின் பெட்டியிலும் நின்றுகொண்டு போவதை நான் சிறுவயது முதல் கண்டிருக்கின்றேன். நான் பிறந்த இரவில் என் தாயையும் கொழுந்து லொறியில்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்களாம். அவருக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது பக்கப்பலகை ஒன்றே.

கயிறு என்றதும் என் அப்பாயி சொல்லும் கதையொன்றும் நினைவுக்கு வருகின்றது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையக மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வகுத்தது. அதன்படி எழுபதுகளில் அப்பாயியின் தங்கை குடும்பமும் புறப்பட்டது. ஹற்றன் புகையிரத நிலையம் வரை தோட்டத்து லொறி, பின் தலைமன்னார், பின் கப்பல். அவர்களுடைய தகரப்பெட்டிகளில் வெள்ளை மையால் பெயரெழுதி, புதுக்கயிறு வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாக அப்பாயியின் கணவரே கட்டினாராம். பெட்டிகள் லொறியில் ஏற்றப்பட்டு இறுகக் கட்டப்பட்டன. ஆட்கள் அப்பெட்டிகளின்மேல் ஏறி அமர்ந்தார்கள். லொறி வளைவில் திரும்பியபோது எல்லாரும் பெட்டியைக் கட்டிய கயிற்றையே பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லும்போது அப்பாயியின் குரல் மாறிவிடும். அந்தக் கதையைப் பிரிவின் கதையாகவே நான் கேட்டு வளர்ந்தேன். இப்போது அதனுள் வேறொன்றும் தெரிகின்றது. பொருளுக்கென்று போட்ட கயிறே எங்கள் மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பாக இருந்திருக்கின்றது.

இதனால் சுமையைக் கட்டுவோன் பொறுப்பு நீங்கிவிடுகின்றது என்று நான் வாதிட வரவில்லை. அவ்வாறு வாதிடுவது எனக்கு வசதியானது. அதனாலேயே அதனை ஐயுறுகின்றேன். கட்டு தளர்ந்தால் முதலில் அடிபடுபவர் பாதையோரத்தில் நிற்கும் ஏழை மனிதரே என்பதை அறிந்தவன் எவனோ, அவனே இன்னும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கக் கடமைப்பட்டவன். ஆயினும் நல்ல கட்டு என்பது கயிற்றோடு முடிந்துவிடுவதன்று. கொழுந்து நிறுக்கும் இடம் வளைவில் இருத்தலாகாது. நேர்ப்பாதையின் மலைப்பக்கத்தில் இருத்தல் வேண்டும். சுமை ஏற்றும் தளத்தில் ஆள் ஏற்றுதலாகாது. ஏற்றியே தீரவேண்டுமாயின் அமர இருக்கையும் பிடிக்கக் கம்பியும் இருத்தல் வேண்டும். மரம் ஏற்றும் லொறிக்கு இருமருங்கும் சுமையின் உயரத்துக்கு நிமிர்ந்த முளைகள் இருத்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவு வேண்டுவதன்று. ஒரு சாக்குத் தேயிலைக்குக் காட்டும் அக்கறையை அதனைப் பறித்தவருக்கும் காட்டினால் போதுமானது.

நிறுவை இடம் இன்னும் அதே வளைவிலேதான் இருக்கின்றது. ஆனால் பெண்கள் இப்போது வெளிப்புற ஓரத்தில் நிற்பதில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே பெரியம்மா தம் கூடையைத் தூக்கிக்கொண்டு பாதையைக் கடந்து, உட்புறத்தில், மண்மேட்டை ஒட்டி நின்றாராம். கங்காணி இந்தப் பக்கம் வரச் சொல்லியும் அசையவில்லையாம். மறுநாள் இருவர் அவரோடு நின்றார்கள். ஒரு கிழமைக்குள் வரிசை முழுவதும் அப்பக்கம் மாறிவிட்டது; தராசும் அதன் பின்னே போயிற்று.

சென்ற விடுமுறையில் மீண்டும் மாமாவோடு லொறியிற் சென்றேன். அதே குற்றிகள், அதே மலை. இப்போது இரு நைலோன் கயிறுகளுக்குப் பதிலாக இறுக்கும் கருவியோடு கூடிய பட்டைகள் வாங்கி வைத்திருக்கின்றார். நடுக்கட்டு மட்டும் இன்னும் கயிறுதான். அதனை அவர் என்னிடமே தந்தார். கண்ணி வைத்து, கொக்கியிற் சுற்றி, நுழைத்து இழுத்தேன்.

“கட்டிட்டியாடா?”

“கட்டிட்டேன் மாமா.”

“ஆட்டிப் பாத்தியா?”

நான் உடனே விடை சொல்லவில்லை. திரும்பிச் சென்று இரு கைகளாலும் கயிற்றைப் பற்றி ஆட்டினேன். பின்பு மறுபக்கம் சென்று அங்கும் ஆட்டினேன். மாமா இறங்கி வந்து, நான் கட்டியதைத் தாமும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அதன்பின்னரே லொறி புறப்பட்டது.